கருவைக்குள் போன கண்மாய்

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் போகிறவர்கள் பெரும்பாலும் பரமக்குடியைத் தூக்கத்தில் கடந்துவிடுகிறார்கள். விழித்திருந்தால் வைகையைப் பார்க்கலாம். சரியாகச் சொன்னால், வைகை ஓட வேண்டிய இடத்தைப் பார்க்கலாம். மாசிக் கடைசியில் நான் பாலத்தில் நின்றபோது மணல் அங்கங்கே திட்டாகத்தான் தெரிந்தது. மற்றதெல்லாம் சாம்பல் பூத்த பச்சை. கரைக்குக் கரை சீமைக்கருவேலம். ராமநாதபுரத்துக்காரர்களுக்கு அது வெறும் கருவை.

2023 செப்டம்பரில் ஜெர்மனியின் பான் நகரில், பல்லுயிர் பற்றி உலக அரசுகளுக்கு எடுத்துச்சொல்லும் ஐபிபிஇஎஸ் என்ற அறிவியல் அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் கண்ட ஓர் எண்தான் என்னை இந்தப் பக்கம் இழுத்து வந்தது. மனிதர்கள் இடம் மாற்றிக் குடியேற்றிய உயிரினங்கள் உலகில் 37,000-க்கும் மேல். அவற்றில் 3,500-க்கும் மேற்பட்டவை தீங்கானவை. 2019-இல் மட்டும் அவற்றால் ஆன இழப்பு 42,300 கோடி டாலருக்கு மேல் என்கிறது அறிக்கை. இயற்கை மக்களுக்குத் தரும் நன்மைகளில் இவற்றால் ஏற்பட்டதாகப் பதிவான மாற்றங்களில் ஏறக்குறைய 80 சதவீதம் கெடுதலானவை. மீதி 20-தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. கெடுதல் இல்லாத அந்தப் பங்கு யார் வீட்டுக்குப் போகிறது? வந்தேறி மரமும் வந்தேறிக் கடற்பாசியும் ஒரே மாவட்டத்தில் இருக்கும் ராமநாதபுரத்தில் அதற்கு விடை கிடைக்கும் என்று தோன்றியது.

பரமக்குடியில் இருந்து முதுகுளத்தூர் போகும் டவுன் பஸ்ஸில் ஜன்னலோர இருக்கை கிடைத்தால் கையை வெளியே நீட்டக் கூடாது. ஒடுங்கிய இடங்களில் கருவைக் கிளை கம்பியில் உரசிக்கொண்டு போகும். நடுநடுவே வெட்டவெளி வரும்; அங்கே குண்டு மிளகாயைக் களத்தில் பரப்பிக் காயவைத்திருப்பார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்று 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய் இதுதான். ஈரம் குறைந்த மண்ணிலும் விளைவதால் இந்தச் சீமையைக் கைவிடாத பயிர்களில் ஒன்று.

ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை இங்கே. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிட்டுப் போய்விடும். வருகிற தண்ணீரைப் பிடித்துவைக்காவிட்டால் இந்த மண்ணில் மனிதன் வாழ முடியாது என்பதைப் பழைய ஆட்கள் அறிந்திருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் அப்படி வந்தவைதாம். ஒன்று நிறைந்து கலுங்கு வழியே அடுத்ததற்குப் போகும். குண்டாற்றுத் தண்ணீரை இந்தப் பக்கம் திருப்ப சேதுபதி ஒருவர் வெட்டிய ரகுநாத காவேரி என்ற கால்வாய் இன்னும் இருக்கிறது. காவேரி என்று பேர் வைத்த மன்னரின் ஆசையை நினைத்துக்கொண்டே அதன் கரையில் நடந்தால் இரண்டு பக்கமும் முள். கால்வாயின் வயிற்றுக்குள்ளும் முள்.

முதுகுளத்தூரைத் தாண்டி ஒரு சிற்றூரில் இறங்கினேன். கண்மாய்க் கரைமேல் ஆலமர நிழலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய தாத்தா காலம்வரை அந்தக் கண்மாயின் மடை திறந்து அடைக்கும் உரிமை அவர்கள் குடும்பத்தில் இருந்ததாம்.

"கண்மாய் எங்கய்யா இருக்கு?" என்று கேட்டேன்.

"அதுக்குள்ளதான் தம்பி இருக்கு" என்று காட்டைக் காட்டினார்.

கரையிலிருந்து பார்த்தால் உள்வாய் முழுக்கக் கருவை. நடுவில் ஒரு குட்டையளவு கலங்கல் தண்ணீர். ஆடுகள் நடந்து நடந்து போட்ட ஒற்றையடித் தடங்கள் முள்ளுக்குள் புகுந்து காணாமல் போயின. அந்தக் கண்மாய் முன்பு என்னென்ன கொடுத்தது என்று கேட்டபோது பெரியவர் நெல்லில் ஆரம்பிக்கவில்லை. முதலில் சொன்னது வண்டல். சித்திரையில் கண்மாய் வற்றியதும் வண்டி வண்டியாக அள்ளி வயலுக்குக் கொண்டுபோவார்களாம்; உரம் வாங்கிய நினைவே அவர் அப்பாவுக்கு இல்லை. அதே மண்ணில் நல்ல களியாகப் பார்த்துக் குயவர்கள் எடுத்துப்போவார்கள். பிறகு மீன், வற்றுகிற நாளில் ஊரே இறங்கும். உள்வாயில் முளைக்கும் கோரையும் அருகும் மாட்டுக்கு. கரையில் நின்ற நாட்டுக்கருவேலத்தின் குச்சி பல் விளக்க, காய் ஆட்டுக்கு, வைரம் பாய்ந்த கட்டை ஏர்க்காலுக்கு. நெல்லைக் கடைசியாகத்தான் சொன்னார். "அது எல்லாருக்கும் கிடையாது. நிலம் இருந்தவனுக்கு" என்று சேர்த்துக்கொண்டார். இந்தப் பயணத்தில் நான் கேட்ட மிக முக்கியமான வாக்கியம் அது என்று பிறகுதான் உறைத்தது.

கருவை எப்படி வந்தது என்று கேட்டால் இந்த மாவட்டத்தில் பத்துப் பேரில் எட்டுப் பேர் காமராஜர் காலத்தில் ஹெலிகாப்டரிலிருந்து விதை தூவினார்கள் என்பார்கள். ஹெலிகாப்டர் கதைக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். மத்திய அமெரிக்காவையும் கரீபியத் தீவுகளையும் சேர்ந்த இந்த மரத்தின் விதை 1870-களிலேயே வெள்ளைக்கார வனத்துறை மூலம் இந்தியாவுக்கு வந்து, கடப்பைப் பக்கம் நடப்பட்டது. வறண்ட நிலத்தில் விறகுக்கு வேண்டும் என்பதுதான் நோக்கம். விடுதலைக்குப் பின்னும் அதே நோக்கத்தோடு பரப்பினார்கள். விறகுப் பஞ்சம் உண்மையாகவே இருந்த காலம் அது. வேலிக்கு வேலி, அடுப்புக்கு விறகு, தண்ணீர் ஊற்ற வேண்டாம், ஆடு இலையைக் கடிக்காது. கேட்டால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இலையைத் தொடாத ஆடு நெத்தை விடாது. கருவை நெத்துக்குள் இனிப்பான சதை உண்டு. கோடையில் புல் கருகியபின் ஆட்டுக்கும் மாட்டுக்கும் பசி தாங்க அதுவே கதி. தின்ற விதை குடலில் ஊறி, தோல் இளகி, சாணத்தோடும் புழுக்கையோடும் போகிற வழியெல்லாம் விழுகிறது. ஊர் ஊராகக் கிடை போட்டுப் போகும் கீதாரிகளின் மந்தைகள் நூற்றுக்கணக்கான மைல் நடப்பவை. ஒரு மரத்துக்கு இதைவிட நல்ல தூதர் கிடைக்குமா? இனிப்புக்கும் விலை உண்டு. கென்யாவில் பரிங்கோ ஏரிப் பக்கத்து மேய்ச்சல்காரர்கள், இதே நெத்தைத் தின்று பல் போன ஆடு ஒன்றைச் சாட்சியாக நீதிமன்றத்துக்கே கூட்டிப்போனார்கள். மரத்தை நடச்சொன்ன அரசுதான் அவர்களுடைய எதிராளி.

வெட்டினால் போகுமா என்றால் போகாது. அடியோடு அறுத்தால் தூரிலிருந்து ஒன்றுக்கு ஐந்தாகக் கிளம்பும். தூரோடு பறித்தாலும் மண்ணுக்குள் பல ஆண்டு விதை காத்துக்கிடக்கும். உப்புத் தண்ணீர், களர் நிலம், ஆறு மாத வெயில் எல்லாவற்றையும் தாங்கும். கருவை அடர்ந்த இடத்தில் கீழே புல்லும் முளைப்பதில்லை, நாட்டுமரக் கன்றும் எழும்புவதில்லை. முள் குத்தினால் சீழ் பிடிக்காமல் விடாது. மேய்ச்சல்காரர்களில் பலர் பழைய டயரில் வெட்டிய செருப்புப் போட்டிருந்ததற்கு அதுதான் காரணம்.

இந்த மரம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுகிறது, பசுவை மலடாக்குகிறது, மழையைத் துரத்துகிறது என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்த செய்திகள் உங்களுக்கும் வந்திருக்கும். அவற்றுக்கு நம்பத்தக்க ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. கண்மாயைப் பாழடித்தது கருவை ஒன்றே என்பதும் முழு உண்மையாகாது. ஊர் கூடிச் செய்யும் குடிமராமத்து நின்று, வரத்துக்கால் தூர்ந்து, ஆற்று மணல் லாரியேறி, ஊர்க்காரர்கள் கண்மாயைக் கவனிப்பதை விட்ட பிறகுதான் அது உள்ளே இறங்கியது. ஆளில்லாத வீட்டில் வந்து குந்திக்கொண்டவனைப் போல. ஆனால் இறங்கிய பின் அது செய்த காரியம் சாதாரணமானதில்லை. வண்டல் அள்ள வண்டி நுழைய முடியாது. மடையைப் பழுதுபார்க்கப் போகிறவன் முதலில் அரிவாளோடு போக வேண்டும். நீரைத் தாங்கும் கொள்ளளவும், வரத்துக்காலின் ஓட்டமும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கின. கண்மாயை ஊர் மறுபடி எடுத்து நடத்தலாம் என்று நினைத்தாலும் முடியாதபடி ஆக்கியதுதான் இதன் பெரிய கேடு என்பேன்.

அப்படியானால் வெட்டித் தள்ள வேண்டியதுதானே? அன்று மாலை கரி மூட்டத்தைப் பார்க்கும்வரை நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

பொட்டல் நடுவே தூரத்திலேயே புகை தெரிந்தது. கிட்டப் போனால் ஆள் உயரத்துக்கு மேல் மண்குவியல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பருவத்தில். ஒன்றில் விறகை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தடித்த கட்டையும் தூரும் உள்ளே, மெலிந்தவை வெளியே, இடுக்குகளில் சுள்ளி. மேலே தழையும் வைக்கோலும் போட்டு, ஈரமண்ணால் அப்பி மூடுகிறார்கள். உச்சியில் தீ வைக்கத் துளை, அடியில் காற்றுக்குச் சிறு துளைகள். தீ வைத்தபின் நாட்கணக்கில் காவல். உள்ளே எரியக் கூடாது, புழுங்க வேண்டும். மண் எங்காவது வெடித்துக் காற்று புகுந்தால் அத்தனை கட்டையும் சாம்பல்தான். இரவில் ஆள் மாற்றி ஆள் விழித்திருந்து, வெடிப்புக் கண்ட இடத்தில் மண்ணை அப்புவார்கள். வெளுத்துத் திரண்டு வரும் புகை நீலம் பாரித்து மெலிந்தால் கட்டை கரியாகிவிட்டது என்று அர்த்தம். எல்லாத் துளையையும் அடைத்து ஆறவிட்டுப் பிரிப்பார்கள். நாலைந்து டன் விறகுக்கு ஒரு டன் கரி தேறும்.

மூட்டம் பிரித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கரி. துணியால் மூக்கைக் கட்டியிருந்தார். பேசுவதற்காக அவிழ்த்தார்.

"இந்த மரம் தண்ணியக் குடிக்குது, அழிக்கணும்னு சொல்றாங்களே ஆத்தா?"

"தண்ணியக் குடிச்சா குடிச்சிட்டுப் போகட்டும். அந்தத் தண்ணி எங்களுக்கு எப்ப வந்துச்சு? எங்களுக்குக் காணி நிலம் கெடையாது. நாத்து நடப் போனோம், கூலி வாங்குனோம். மழையில்லேன்னா அதுவும் இல்ல. கருவை வந்த பெறகு மழையில்லாத வருஷத்துலயும் அடுப்பு எரியுது. என் மக காலேசு படிச்சது இதுலதான்."

பக்கத்திலிருந்த இளைஞர் சொன்னார்: "இது இல்லேன்னா திருப்பூரு, இல்லேன்னா கேரளா. வேற என்னண்ணே இருக்கு?"

பெரியவர் சொன்ன "எல்லாருக்கும் கிடையாது" அங்கேதான் எனக்கு விளங்கியது. கண்மாய் கொடுத்ததை ஊரின் பொது நன்மை என்று எழுதிவிடுவது சுலபம். நீருக்கு முறை இருந்தது, முறைக்கு நிலம் வேண்டும், நிலத்துக்குச் சாதி வேண்டும். கருவைக்கு இந்த மூன்றும் தேவைப்படவில்லை. பட்டா இல்லாதவரும் அரிவாள் இருந்தால் வெட்டலாம். காட்டு மரத்தையும் பனையையும் விறகுக்காக வெட்டுவது குறைந்ததற்கும் இந்த மரம் ஒரு காரணம். அறிக்கையில் மீதி இருந்த 20 சதவீதத்தில் ஒரு துளி இந்த மூட்டத்தில் இருக்கிறது.

ஆனால் அந்தத் துளியையும் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். கண்மாய் மரங்கள் ஏலத்துக்குப் போகின்றன. ஏலம் எடுப்பவர் வேறு, மூட்டம் போடுபவர் வேறு. கரி சாக்கில் ஏறி வெளியூர் ஓட்டல்களின் தந்தூரி அடுப்புக்கும் பட்டறைகளுக்கும் போகிறது. விறகு செங்கல் சூளைக்கும், இதை எரித்து மின்சாரம் எடுக்க இந்த மாவட்டத்தில் வந்த ஆலைகளுக்கும் போனது. மூட்டத்தருகே நிற்கும் பெண்ணுக்குக் கிடைப்பது நாள் கூலியும் நெஞ்சுக்குள் புகையும். முன்பு நிலக்காரர் வீட்டுக்குப் போன லாபம் இப்போது லாரிக்காரர் வீட்டுக்குப் போகிறது. கூலிக்காரர் இரண்டு காலத்திலும் கூலிக்காரர்தான். இழப்போ முழு ஊருக்கும். கிணற்றில் தண்ணீர் ஊறுவது குறைந்தால் நிலம் இல்லாதவர் வீட்டுக் குடமும்தான் காலி.

2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கருவையை ஒழிக்கக் கெடு வைத்து உத்தரவிட்டபோது மாவட்டமெங்கும் ஜேசிபி இறங்கியது. அதே ஆண்டுக் கோடையில் சென்னையில் தலைமை அமர்வு இடைக்காலத் தடை விதித்து, விளைவுகளை ஆராய வல்லுநர் குழுவைக் கேட்டது. 2022-இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கென்று மாநில அரசு ஒரு கொள்கையும் கொண்டுவந்தது. முதுகுளத்தூர்ப் பக்கம் நான் பார்த்த ஒரு கண்மாயில் 2017-இல் வெட்டியதாகச் சொன்னார்கள். தரைமட்டத்தில் வெட்டிவிட்டுத் தூரை விட்டுப் போயிருக்கிறார்கள். இப்போது முன்பைவிட அடர்த்தி. மரம் விற்ற கணக்கு மட்டும் முடிந்திருந்தது.

மறுநாள் காலை சித்திரங்குடி போனேன். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறிய பறவைகள் சரணாலயம் இது; அதே ஆண்டில் பக்கத்துக் காஞ்சிரங்குளமும் ஏறியது. இரண்டும் பழைய பாசனக் கண்மாய்கள். மாசிக் கடைசி என்பதால் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஆனாலும் செங்கால் நாரைகள் சில மரவுச்சியில் நின்றன. நாட்டுக்கருவேலத்திலும் கூடு, சீமைக்கருவையிலும் கூடு. பறவைக்குத் தண்ணீர் நடுவே ஒரு கிளை வேண்டும், அவ்வளவே. கருவையை ஒரே நாளில் துடைத்தெடுத்தால் அடுத்த ஐப்பசியில் வருகிற நாரை எங்கே உட்காரும்? நாட்டுக்கருவேலம் வளர்ந்து தோளைக் கொடுக்கும் வரையில் படிப்படியாகத்தான் எடுக்க முடியும். ஜேசிபிக்கு இந்தப் பொறுமை கிடையாது.

ராமநாதபுரம் வந்து அங்கிருந்து மண்டபம், பாம்பன். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. பாக் விரிகுடாப் பக்கக் கரையில் மூங்கில் மிதவைகளைக் கோத்துப் பாசி வளர்க்கிறார்கள். காப்பாஃபைகஸ் என்ற இந்தப் பாசி பிலிப்பைன்ஸ் பக்கத்தது. இதிலிருந்து எடுக்கும் காராஜீனன் ஐஸ்கிரீமிலும் பற்பசையிலும் சேரும் கெட்டிப்பொருள். 1990-களில் மத்திய அரசின் ஆய்வு நிலையம் மண்டபத்தில் சோதனையாக வளர்த்தது. பிறகு பெரிய நிறுவனம் ஒன்று வணிகமாக எடுத்து நடத்தியது. பெண்கள் சுயஉதவிக் குழுக்களாக இறங்கினார்கள். அதுவரை அவர்களில் பலர் தீவுகளைச் சுற்றி முங்கி, விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறித்தவர்கள். முழங்கால் தண்ணீரில் நின்று மிதவையில் பாசி கட்டுவது அந்த வேலையைவிட எவ்வளவோ மேல் என்று ஒரு பெண் சொன்னார். நம்பாமல் இருக்க முடியவில்லை. அவர் கை விரல்களைக் காட்டிக்கொண்டுதான் சொன்னார்.

பாம்பன் தீவின் குந்துகாலில் நின்றால் எதிரே குருசடைத் தீவு தெரியும். 2008-இல் அந்தத் தீவின் பவளப் பாறைகள்மேல் இந்தப் பாசி படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் எழுதினார்கள். விதையே வேண்டாம், அலையில் ஒடிந்த ஒரு துண்டு போய் ஒட்டினால் போதும். பவளத்தின்மேல் பாயாக விரிந்து வெளிச்சத்தை மறைக்கும், அடியில் பவளம் சாகும். முங்கிக் கையால் பிய்த்து எடுக்கிறார்கள். பிய்க்கும்போது மிஞ்சும் துண்டு மறுபடி வளர்கிறது. கருவைத் தூரின் கதையேதான். வளர்ப்பை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் இந்தப் படர்வின் அளவைப் பற்றி இன்னும் வாதாடுகிறார்கள். பவளம் போனால் அதன் இடுக்கில் குஞ்சு பொரித்து வளரும் மீன் குறையும் என்பதில் வாதம் இல்லை. வலை போடும் ஆணுக்கு நஷ்டம், மிதவை கட்டும் பெண்ணுக்கு வருமானம். இருவரும் ஒரே வீட்டில் இருக்கக்கூடும். இதை நிலையத்து விஞ்ஞானி ஒருவரோ சூழல் ஆர்வலர் ஒருவரோ தனியாகத் தீர்த்துவைக்க முடியாது.

என் தீர்ப்பு இது. கடற்பாசியில், தீவுகள் பக்கம் ஒரு மிதவையும் வரக் கூடாது. நாட்டுப் பாசிகளை வளர்க்கும் முறையைப் பெண்களுக்குப் பழக்கும் செலவை, அயல் பாசியைக் கொண்டுவந்தவர்களே ஏற்க வேண்டும். கருவையில், கண்மாயின் உள்வாயையும் வரத்துக்காலையும் முதலில் மீட்க வேண்டும். பொட்டலிலும் களரிலும் நிற்பதை அவசரப்பட்டுத் தொட வேண்டாம், மூட்டக்காரர்களுக்கு அது இருக்கட்டும். வெட்டுகிற வேலையை ஜேசிபி ஒப்பந்தக்காரரிடம் கொடுக்காமல் நூறு நாள் வேலையாட்களிடமும் மூட்டக்காரர்களிடமும் கொடுத்து, தூரோடு எடுக்கச் செய்து, கரியின் விலையில் பங்கும் கொடுக்க வேண்டும். அடுத்த சில மழைக்காலங்கள்வரை முளைக்கிற கன்றைப் பிடுங்க அவர்களுக்கே கூலி வேண்டும். மரம் ஏலம் போன பணம் அதற்குப் போதும். போதாது என்று யாராவது சொன்னால் அந்தக் கணக்கைக் காட்டட்டும்.

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 தேதிகளில் உங்கள் ஊரில் கிராமசபை கூடும். உங்கள் கண்மாயில் கருவை நின்றால், அதை யார் ஏலம் எடுத்தார், எவ்வளவுக்கு, தூர் எடுத்தார்களா, பணம் எங்கே என்று எழுந்து கேளுங்கள். கேட்டதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.